கைக்கு இசைந்த கருவி

கருவியின் பெருமை அதன் விலையில் இல்லை. அது ஆற்றும் பணியில் இருக்கிறது. ஈப்போ நகரின் கணினிக் கடையொன்றில் இவ்வுண்மையை ஒரு பாட்டி உணர்த்தினார்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். இரப்பர் அழிந்து செம்பனை நிறைந்துவிட்ட அந்த மண்ணிலிருந்து அவருடைய பேரன் விமானிப் பயிற்சிக்குப் புறப்படுகிறான். பாட்டி தம் சங்கிலியை அடகு வைத்துத் தந்த பணம் அவன் கையில் இருந்தது. கண்ணோ, கணினி விளையாட்டுக்கென உருவான விலையுயர்ந்த மடிக்கணினியின்மேல் இருந்தது.

"பால் வெட்டுற கத்தி பளபளன்னு இருந்தா போதுமாய்யா? கைக்கு அடங்கலேன்னா மரத்தைக் காயப்படுத்திடும்" என்றார் பாட்டி.

பேரன் சிந்தித்தான். வானிலையியல், வழியறிதல், வான்பயணச் சட்டம் ஆகியவற்றைப் படிக்கவும், பயிற்சி வினாக்களுக்கு விடை காணவுமே கணினி வேண்டும். காற்றின் போக்கையும் எரிபொருளின் அளவையும் கணிக்க, வட்டத் தகட்டைச் சுழற்றும் கைக்கருவி உண்டு. அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே, குறைந்த எடை, நாள் முழுதும் தாங்கும் மின்கலம், கண்ணை வருத்தாத திரை ஆகியவை இருந்தால் போதும்.

எளிய கணினியே வாங்கப்பட்டது. வணிக விமானி உரிமம் பெற, முறையான பயிற்சியிலும் 150 மணி நேரமேனும் பறந்தாக வேண்டும்; ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு. மீந்த பணம் அதற்கென ஒதுக்கப்பட்டது.

பாட்டியின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதனை மீட்கும் பொறுப்பும் அந்தச் சிறிய கணினியோடு பேரனின் பையில் ஏறிக்கொண்டது.