எதற்கு வம்பு?

ஒரு நூலைக் கொல்வதற்குத் தீ வேண்டுமா? அரசாணை வேண்டுமா? காவலர் படை வேண்டுமா? வேண்டா, தோழர்களே! இரண்டே சொற்கள் போதும்: "எதற்கு வம்பு?"

தடை விதித்தவன் இன்னான் என்று தெரிந்தால் எதிர்த்து நிற்கலாம். ஆணை எழுத்தில் இருந்தால் வழக்குமன்றத்தின் வாயிலைத் தட்டலாம். "எதற்கு வம்பு?" என்று முணுமுணுத்தபடி அலமாரியைப் பூட்டும் கைக்கோ ஆணையும் இல்லை, காரணமும் இல்லை, கையொப்பமும் இல்லை. இல்லாத ஆணையின் மீது எவ்வாறு வழக்குத் தொடுப்பது? தடைகள் அனைத்திலும் தந்திரம் மிக்க தடை இதுவே என்கிறோம்.

கற்பனை பேசவில்லை நாம். நாம் வாழும் பேரணாம்பட்டுப் பகுதியில், பள்ளியொன்றில் கண்டதையே கூறுகிறோம். பெயர் வேண்டா, பழி தூற்றுவது நம் நோக்கமன்று. பிள்ளையைப் பெற்ற ஒருவர் கைப்பேசியுடன் வந்தார். அதில் ஒரு நூலின் ஒரே ஒரு பக்கம், படமாக. யாரோ அனுப்பியது. "இது நம் பிள்ளைகள் படிக்கத்தக்கதா?" என்று கேட்டார். அவர் சினத்தை நாம் இகழவில்லை; பிள்ளையின்பால் அக்கறை உள்ளவரே பள்ளிப் படியேறி வருவார். ஆனால், "நூலை முழுதும் படித்தீரோ?" என்று அவரை எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களும் அதைப் படித்தவர்கள் அல்லர். மறுநாள் நூல் அலமாரியில் இல்லை. சென்று வினவினோம். பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. விடையாகக் கிடைத்தவை அந்த இரண்டு சொற்கள்தாம். அந்நூலைப் பாதியளவு படித்திருந்த மாணவி ஒருத்தி, "மீதியை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டாளாம். அவளுக்கு இன்றுவரை விடை இல்லை.

நம் ஊர் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர். தோலைத் தரம் பிரிக்கும் தொழிலாளியைப் பாருங்கள். மடித்த தோலின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு "கழிவு" என்று எறிவாரோ? விரித்துப் போடுகிறார். மயிர்ப்புறம் பார்க்கிறார், சதைப்புறம் பார்க்கிறார். கத்தி பட்ட காயம் எங்கே, எவ்வளவு என்று தடவிப் பார்க்கிறார். அதன் பிறகே இது இன்ன தரம் என்கிறார். ஓர் ஆட்டுத் தோலுக்கு நாம் அளிக்கும் இந்த நீதி, ஓர் அறிஞனின் ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு இல்லையா?

ஒரு மூலையை மட்டும் தொட்டு முடிவு கட்டுவது நம் ஊரோடு நிற்கும் நோயன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் எவர் வீட்டுக் கூரையும் இடிந்துவிடவில்லை. 2014இன் இறுதியில், சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கைக்குக் கை மாறின. கடையடைப்பு நடந்தது. 2015 சனவரி 12ஆம் நாள், நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' என்ற பெயரில் எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. அமைதியாம்! ஒருவன் வாயைப் பொத்தினால் உண்டாகும் அமைதி! 2016 சூலை 5ஆம் நாள், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அமர்ந்த சென்னை உயர்நீதிமன்ற ஆயம், அந்த ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்றது. இத்தகைய பூசல்களில் கருத்துக் கூற இலக்கியமும் கலையும் அறிந்தோர் குழு ஒன்று வேண்டும் என்றும் கூறியது. பேசியவர்கள் அதிகாரிகள், படித்தவர்கள் நீதிபதிகள். வேறுபாடு அதுதான்!

அறிவின் கோயில் என்று புகழப்படும் பல்கலைக்கழகமேனும் விலக்கா? நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் நூலொன்று, மாணவர் அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததும் 2020 நவம்பரில் நீக்கப்பட்டது.

நம் இயக்கத்துக்கு இது புதிய கதையன்று. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948இல் தடை செய்யப்பட்டது. அதே 1948இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டமும் பிறந்தது! ஒரு கை ஊர்தோறும் நூலகக் கதவைத் திறக்கச் சட்டம் செய்கிறது. மறு கை ஒரு காவியத்தைச் சிறையில் தள்ளுகிறது. அச்சிறைக் கதவு திறக்க 1971 வரை, 23 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அதன் ஆங்கிலப் பதிப்பையும், லலாய் சிங் வெளியிட்ட 'சச்சி ராமாயண்' என்னும் இந்திப் பதிப்பையும் உத்தரப் பிரதேச அரசு 1969 திசம்பரில் பறிமுதல் செய்தது. லலாய் சிங் வழக்காடினார். 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அரசு மேல்முறையீடு செய்தது. 1976 செப்டம்பர் 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. எதனால் வீழ்ந்தது ஆணை? நூலைப் பறிக்கும் அரசு, தன் கருத்துக்கு அடிப்படை யாது என்று கூற வேண்டும் என்பது சட்டம். அதைக் கூறாத ஆணை நிற்காது! 2024 சூலை முதல் நடப்பிலுள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. ஓர் அரசே காரணம் கூறக் கடமைப்பட்டிருக்கும்போது, அலமாரிச் சாவி வைத்திருப்பவர்க்கு மட்டும் ஏது விலக்கு?

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் பள்ளி வாரியங்கள் பல இதற்கென விதி வகுத்துள்ளன. எதிர்ப்பவர் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: நூலை முழுதும் படித்தீரா? எந்தப் பக்கம் தவறு? என்ன செய்ய வேண்டுகிறீர்? ஆசிரியரும் நூலகரும் பெற்றோரும் கொண்ட குழு அதைப் படிக்கும். முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கும். முடிவு எழுத்தில் வரும், மேல்முறையீடும் உண்டு.

விதி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் 1976இல் சில நூல்களை அகற்றியது. கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்டு ரைட்டின் தன்வரலாறும் அவற்றுள் ஒன்று. வாரியமே அமைத்த குழு பல நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்று கூறியும் வாரியம் செவிமடுக்கவில்லை. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் தோழர்களும் வழக்குத் தொடுத்தனர். 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் மாணவர் பக்கம் நின்றனர். அப்படியிருந்தும், 2023–24 கல்வியாண்டில் மட்டும் அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளில் 10,046 நூல்தடை நிகழ்வுகளைக் கணக்கிட்டுள்ளது 'பென் அமெரிக்கா' அமைப்பு. விதி ஒரு வேலி. காவல் காக்க ஆள் இல்லையேல் ஆடு மேய்ந்துவிடும்!

இனி, நம்மவர்க்கே ஒரு சொல். நெஞ்சில் கை வைத்துக் கேளுங்கள். "புராணக் குப்பைகளை நூலகத்திலிருந்து முதலில் அகற்றுங்கள்" என்று துடிக்கும் தோழர்களை நாம் அறிவோம். அவர்களிடம் கூறுகிறோம்: ஆத்திரம் புரிகிறது, வழி தவறு. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று முழங்கிய அண்ணா என்ன செய்தார்? இருட்டில் நூலகப் பூட்டை உடைத்தாரா? பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளையையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் மேடையில் சந்தித்து, மக்கள் முன்னிலையில் வாதிட்டார். கம்பனைப் படித்துவிட்டே கம்பனை எதிர்த்தார். நம் காசில் வாங்கிய நூலை நாம் எரித்தால் அது எதிர்ப்பு. ஊரார் வரியில் வாங்கிய நூலை மறைத்தால் அது பறிப்பு!

பாடநூல் வேறு, நூலகம் வேறு. பாடநூல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். அதில் சாதியும் மூடத்தனமும் புகுந்தால் போராடியே தீர வேண்டும். நூலகமோ விரும்பியவர் விரும்பியதை எடுக்கும் இடம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாத நூலைப் பதினேழு வயதினர்க்குரிய அடுக்குக்கு மாற்றலாம், அது முறை. எவர்க்குமே இல்லையென ஒளிப்பது முறைகேடு. தமிழும் உருதும் தெலுங்கும் ஒலிக்கும் நம் ஊரில், ஒவ்வொரு கூட்டமும் தனக்குப் பிடிக்காத நூல் ஒன்றை நீக்கத் தொடங்கினால் இறுதியில் மிஞ்சுவது பஞ்சாங்கம்தான். அதையும் நாம் எதிர்ப்போம்!

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, முறை. எதிர்ப்பு எழுத்தில் வரட்டும், பெயரோடு வரட்டும். எதிர்ப்பவர் முழு நூலையும் படித்திருக்கட்டும். முடிவு செய்வோரும் படிக்கட்டும். முடிவுவரை நூல் இடம் பெயராதிருக்கட்டும். எடுத்தால் எடுத்ததற்கும், வைத்தால் வைத்ததற்கும் காரணம் பதிவேட்டில் ஏறட்டும். பெரியார் நூலுக்கும் இதே அளவுகோல். பெரியபுராணத்துக்கும் இதே அளவுகோல்.

இளைஞர்களே! இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரைக் கொண்டு இம்முறையைத் தீர்மானமாக்குங்கள். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, உறுப்பினராகுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த நூல் அகற்றப்பட்டது, எந்நாளில், எவர் ஆணையால் என்று எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் எழுதித்தான் விடை தர வேண்டும். "எதற்கு வம்பு?" என்பதைக் கையொப்பமிட்டு எழுதித் தர எந்த அதிகாரி துணிவார்?