வட்டுக்கோட்டையில் மறைந்த கலாசாலை

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோமாயின், வயலும் பனையும் சூழ்ந்த வட்டுக்கோட்டையை அடையலாம். இங்கே பழைய தேவாலயத்தின் அயலில் யாழ்ப்பாணக் கல்லூரி விளங்குகின்றது. அக்கல்லூரி தோன்றுமுன், அதே இடத்தில் வேறொரு கலாசாலை 32 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியே அது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர் என்பவர். மாணவர் அங்கேயே தங்கி ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் முதலியவற்றைக் கற்றனர். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின்போது பஞ்சாங்கம் கூறிய நேரத்திற்கும் பூவர் கணித்த நேரத்திற்கும் வேற்றுமை காணப்பட்டது. பலரும் விழித்திருந்து வானத்தை நோக்கினர். பூவரின் கணக்கே பொருந்திற்று. 1841இல் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தோன்றியபோது, இங்குக் கற்ற இருவரே அதன் ஆசிரியராயினர்.

இத்துணைச் சிறப்புற்ற கலாசாலை மூடப்பட்டது ஏன்? பணமின்மை அன்று முதற்காரணம். ஆங்கிலம் கற்றோர் போதகராகாது அரசாங்க உத்தியோகங்களை நாடினர் என்பதே மிஷன் தலைமையின் மனக்குறை. பொஸ்ரன் நகரிலிருந்து றூபஸ் அண்டர்சன் 1855இல் வந்தார். கிராமத்தவர்க்குத் தாய்மொழிக் கல்வியே போதுமெனும் கொள்கையினர் அவர். அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது.

தாய்மொழியைக் காரணங்காட்டி மூடப்பட்ட அக்கலாசாலையின் மாணவர் பின்னர்ச் செய்தவற்றை நோக்குவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்குக் கற்றவர்களே. ஏட்டுச் சுவடியிலிருந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை. புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் இக்கலாசாலையின் பிள்ளையே. ஆங்கிலம் இவர்களைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை.

ஊரவரும் பழைய மாணவரும் வாளாவிருந்தாரல்லர். அவர்தம் முயற்சியால், 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இடையிட்ட 17 ஆண்டுகளில் கல்வி வேட்கையோடு வளர்ந்த இளைஞர் எத்தனை பேர் வாயிலின்றி நின்றனரோ! வட்டுக்கோட்டைக்குச் செல்லும் அன்பர்கள் அவர்களையும் ஒருகணம் நினைந்து திரும்புவார்களாக.