கையொப்பமில்லா நிரல்

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். ஆங்குத் துணியைக் கையில் வாங்கும் முதியோர், விலையைக் கேட்பதற்குமுன், “யார் தறியில் நெய்தது?” என்று வினவக் கேட்டிருக்கின்றோம். இந்நாட் கணினியும் அவ்வினாவையே வினவுகின்றது. நம் மாணவருட் பலர் இப்பொழுது நிரல் எழுதுகின்றனராதலின், இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

அவ்வூரில் எம் உறவினர் ஒருவர் தறிக்கூடம் நடத்துகின்றார். பாவுநூற் கணக்கும் வாரக்கூலியும் கணக்கிட, கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன் சிறு நிரல் எழுதினான். அது வேறொரு தறிக்காரர்வழி மின்னஞ்சலில் எம் உறவினரை அடைந்தது. திறந்தவுடன், வெளியிட்டோர் அறியப்படாதவர் என்றும், இயக்கினாற் கணினிக்குத் தீங்கு நேரலாம் என்றும் ஒரு நீலப்பலகை தோன்றியது. “தம்பி, இதில் ஏதோ வைரஸ் இருக்கிறதாம்; எனக்கு வேண்டாம்” என்றார் அவர். இளைஞனோ, “‘மோர் இன்ஃபோ’வைத் தொட்டு ‘ரன் எனிவே’யை அழுத்துங்கள், மாமா, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றான். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. முன்னது நேர்மையான உழைப்பைத் திருட்டென்று தள்ளுகின்றது. பின்னது திருடன் வந்தாலும் அதே கதவைத் திறந்துவிடப் பழக்குகின்றது.

அப்பலகை உண்மையிற் கூறுவது யாது? “இதனைச் செய்தவரை யான் அறியேன்” என்பதே. தீயதென்று அது தீர்ப்பளிக்கவில்லை. நிரல் முழுவதையும் கணித்து ஒரு சுருக்கக் குறியைப் பெற்று, அதனைச் செய்தவர் தம் மறைதிறவுகோலாற் பூட்டுவதே கையொப்பம். அத்திறவுகோல் இன்னாருடையது என்று ஒரு சான்று நிறுவனம் உறுதி கூறும். பின்னர் ஓரெழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1996-இல் ‘ஆதென்டிகோட்’ என்னும் பெயரில் இம்முறையைக் கொணர்ந்தனர். 2012-இல் விண்டோஸ் 8-இலேயே ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ காவல் அமைந்தது. ஆப்பிள் கணினிகளில் ‘கேட்கீப்பர்’ வந்ததும் அவ்வாண்டே. ஸ்மார்ட்ஸ்கிரீன் கையொப்பத்தோடு நில்லாது, எத்துணைப்பேர் அக்கோப்பைப் பெற்றனர் என்னும் புகழையும் நோக்கும். பத்துத் தறிக்காரர்க்கென எழுதிய நிரலுக்குப் புகழ் எங்ஙனம் வரும்? சான்றுக்கோ பணம் கட்டவேண்டும். 2023 சூன் முதல் திறவுகோலைத் தனிக்கருவியொன்றிற் காத்தலும் வேண்டும். மாணவனுக்கு இஃது எளிதன்று.

கையொப்பம் உடையதெல்லாம் நன்று எனவும் கொள்ளற்க. 2010-இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் நச்சுநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றுகளால் முறையாகக் கையொப்பமிடப்பெற்றிருந்தது! நெய்தவர் பெயர் தெரிந்தமையாற் சாயம் போகாதென்பது உறுதியாகுமோ?

காவலன் ஐயுறுவதற்கும் காரணம் உண்டு. தமிழ்த் தட்டெழுத்து நிரல்களையே எடுத்துக்கொள்க. முரசு அஞ்சல், அழகி, இகலப்பை முதலியன இல்லையேல் நம்மவர் பலர் கணினியிற் தமிழ் எழுதியிரார். அத்தகைய நிரல் நாம் அழுத்தும் விசைகளையெல்லாம் பார்த்தன்றோ தமிழாக மாற்றவேண்டும்? கடவுச்சொல் திருடும் வேவுநிரலும் அதே விசைகளையே பார்க்கின்றது. செயலளவில் இரண்டும் உடன்பிறப்புக்கள்; வேறுபாடு செய்தவர் கருத்தில் உள்ளது. கருத்தைக் கணினி எங்ஙனம் அறியும்!

ஆதலின் கணினி அறியாததை மனிதர் விசாரித்தே அறியவேண்டும். விண்டோஸிலேயே உள்ள ‘செர்ட்யூட்டில்’ என்னும் கருவி, எக்கோப்பிற்கும் ‘ஷா-256’ முறைப்படி 64 எழுத்துக் குறியைக் கணித்துத் தரும். உறவினரிடம் இருந்த கோப்பிற்கு அதனைக் கணித்து, இளைஞனைத் தொலைபேசியில் அழைத்து அவன் கோப்பின் குறியைப் படிக்கச் சொன்னோம். நான்காம் எழுத்திலேயே மாறுபட்டது. அது தன் பழைய படியாக இருக்கலாம், கூலிக்கணக்கைப் பின்னர்த் திருத்தினேன் என்றான். பழைய படியோ அவனிடம் இல்லை. உறவினர் அக்கோப்பை உடனே அழித்தார்.

மறுநாள் இளைஞன் தன் கோப்பைப் பென்டிரைவில் நேரே கொணர்ந்தான். இம்முறை நீலப்பலகை தோன்றவேயில்லை. இணையத்தின்வழி வந்த கோப்பில் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும்; அஃதுடையதையே ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுத்து நிறுத்தும். பென்டிரைவில் வந்ததற்கு அவ்வடையாளம் இல்லை. இதனைக் கேட்ட உறவினர், “அப்படியானால் பலகை வராததையும் நம்பக்கூடாது” என்று கண்ணாடியை அணிந்துகொண்டு, 64 எழுத்தையும் இளைஞன் படிக்கப் படிக்க விரலால் தொட்டுச் சரிபார்த்தார். அச்சனிக்கிழமைக் கூலி அந்நிரலின் கணக்குப்படியே கொடுக்கப்பட்டது.