உதடு கூடாத ஒலிகள்

மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் என்னிடம் இலக்கணம் பற்றி ஏதேனும் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவதும் ஒருவகையில் எழுத்ததிகாரத்தைத் தொட்டதே. ஆயினும் அதன் தொடக்கம் என் தாயாரின் கடைவாய்ப் பல்.

2008ஆம் ஆண்டு அம்மாவுக்கு வயது 62. ஒருநாள் வைகறையில் ஒளுச் செய்வதற்காக முகத்தில் நீர் அள்ளி ஊற்றியபோது வலக் கன்னத்தில் மின்னல் வெட்டியதுபோல் ஒரு வலி வந்து, நொடியில் மறைந்தது. பின்னர் அது நாள்தோறும் வரலாயிற்று. சோற்றை மெல்லும்போது வரும். பல் துலக்கும்போது வரும். மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் வரும். பல்வலி என்று நாங்களே முடிவு கட்டினோம். பல் மருத்துவர் ஒருவர் கீழ்த்தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்தான் காரணம் என்று அதையும் எடுத்தார். மூன்றாவது பல்லும் போயிற்று, வலி போகவில்லை. முகவாதம் என்றனர் உறவினர் சிலர். ஆனால் முகம் கோணவில்லை. கண்ணை மூடுவதிலும் தடையில்லை.

வலியைவிட எங்களை வாட்டியது அம்மாவின் மௌனம். அந்நாளில் எனக்கும் என் தமையனாருக்கும் வீட்டைப் பாகம் பிரிப்பதில் மனத்தாங்கல் இருந்தது. நான் கேட்டது நியாயமன்று என்று அம்மா கருதியதும் எனக்குத் தெரியும். பிறந்தநாள் முதல் என்னைத் ‘தம்பி’ என்றே அழைத்தவர், இப்போது எதுவும் வேண்டுமென்றால் தம்ளரைத் தரையில் தட்டினார். கோபம் என்று எண்ணிக்கொண்டேன். கோபத்துக்குக் கோபமாக நானும் நான்கு மாதம் பேச்சைக் குறைத்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

இறுதியில் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சென்றோம். வலி விடாமல் இருக்கிறதா, வெட்டிவிட்டு மறைகிறதா, எதைத் தொட்டால் வருகிறது என்று கேட்டார். தாடையிலும் நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். மெல்லும் தசைகளின் வலுவை அறிய அது. பஞ்சால் நெற்றி, கன்னம், மோவாய் மூன்றையும் வருடிப் பார்த்தார். பிறகு, “பேசும்போது எப்படியம்மா இருக்கும்?” என்றார். அம்மா கன்னத்தைக் கையால் மறைத்தபடி மெல்லச் சொன்னார்: “உதடு ஒட்டுனா வெட்டுதுங்க.”

பகரமும் மகரமும் இதழ் இரண்டும் கூடப் பிறப்பவை என்று பிறப்பியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். ‘தம்பி’ என்னும் சொல்லின் நடுவில் அவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அம்மா என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நோயின் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முக்கிளை நரம்பு வலி எனலாம். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பு நெற்றிக்கும் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. மூன்றாம் கிளைதான் மெல்லும் தசைகளையும் இயக்குகிறது. பெரும்பாலோர்க்கு, நரம்பு மூளைத் தண்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே ஒரு தமனி அதன்மேல் அழுந்தி, அதன் காப்புறையைத் தேய்த்துவிடுகிறது. உறை தேய்ந்த மின்கம்பிகள் உரசுவதுபோல, தொடு உணர்ச்சி வலியாகப் பாய்கிறது. அம்மாவின் எம்.ஆர்.ஐ. படத்திலும் அத்தகைய வளைவு ஒன்று தெரிந்தது. பல்லில் வலித்தது மெய், பல்லில் குற்றமில்லை. சிலருக்குக் கட்டியோ, காப்புறையை அழிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ காரணமாவதுண்டு என்பதால் படம் எடுப்பது இன்றியமையாதது.

இது புதிய நோயன்று. பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே 1756இலும், ஆங்கிலேயர் ஜான் ஃபாதர்கில் 1773இலும் இதை விவரித்திருக்கின்றனர். தமனி அழுத்துவதை 1930களில் வால்ட்டர் டேண்டி கண்டு சொன்னார். இடையில் மெத்தைபோல் ஒன்றை வைத்துத் தமனியை விலக்கும் அறுவையை 1960களின் பிற்பகுதி முதல் பீட்டர் ஜன்னெட்டா பரப்பினார். அதற்கு அம்மா இசையவில்லை. மருத்துவரும் முதலில் மாத்திரை போதும் என்றார்.

வெளிக்கூடத்தில் கண்ட ஒருவரையும் சொல்ல வேண்டும். அவருடைய வாய் தானே அகலத் திறந்துகொள்ளும். மோவாயில் ஒரு விரலை இலேசாக வைத்தால் மூடிக்கொள்ளும். அது டிஸ்டோனியா என்றார் மருத்துவர். தாடை மூட்டிலோ தசையிலோ பழுதில்லை. அசைவை ஒழுங்குசெய்யும் மூளைப் பகுதியிலிருந்து தவறான ஆணை வருகிறது. மிகைப்படும் தசையில் பொட்டுலினம் ஊசி போட்டால் சில மாதம் தணியுமாம். அம்மாவுக்குத் தொட்டால் வலி. அவருக்குத் தொட்டால் விடுதலை. வெகுநேரம் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையின் பெயர் கார்பமசெபின், வலிப்புநோய்க்கென வந்தது. ஸ்வீடனில் புளோம் என்பவர் 1962இல் இவ்வலிக்கும் அது பயன்படுவதை வெளியிட்டார். அம்மாவுக்குத் தலைசுற்றலும் உறக்கமும் வந்தன. இரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் அவ்வப்போது சோதிக்க வேண்டியிருந்தது. ஆறாம் நாள், நான் கல்லூரிக்குப் புறப்படும்போது அடுக்களையிலிருந்து குரல் வந்தது: “தம்பி, குடையை எடுத்துக்கிட்டுப் போ.” அன்று மழைக்குறியே இல்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா 2019இல் காலமானார். இடையில் இருமுறை வலி திரும்பி வந்து, மாத்திரையைக் கூட்டியபின் அடங்கிற்று. அந்த மூன்று பற்களின் இடத்தில் கட்டுப்பல் வைத்துக்கொள்ள மட்டும் அவர் கடைசிவரை ஒப்பவில்லை.