எல்.எல்.ஆர். பரீட்சை

புதுச்சேரிப் பசங்களுக்குச் சிவப்புத் தொப்பி போலீஸைப் பார்த்தே பாதி விதி தெரிந்துவிடும். மீதியை எல்.எல்.ஆர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போடுகிறார்கள். முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் உத்தரவு, நீலச் செவ்வகம் தகவல்... 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்படி 60 சதவீதம் எடுத்தால் பாஸ்.

அவசரத்தில் புரட்டித் தள்ளும் பக்கம் ஒன்று உண்டு: விபத்தானால் ஓட்டியவர் என்ன செய்யணும்? 1988 சட்டம், பிரிவு 134. அடிபட்டவரை மருத்துவத்துக்குக் கொண்டுபோகணும். கூட்டத்தின் ஆத்திரம் மாதிரி கைமீறிய காரணம் இருந்தாலொழிய. (எழுதினவருக்கு நம்மூர் நிலவரம் நன்றாகவே தெரிந்திருக்கிறது!)

இந்த ஒரு கேள்வியைக் கோட்டைவிட்டாலும் பாஸ்தான். 6 மாதம் செல்லும் எல்.எல்.ஆர். கிடைக்கும். அவன் வண்டியிலும் வெள்ளைத் தகட்டில் அதே சிவப்பு 'எல்'தான்.