அடைத்தபின் யோசனை எதற்கு?

கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் காய் நறுக்க உட்காரும் சமையற்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் ராத்திரியே நறுக்கி, தேங்காய் துருவி, சாமான்களை எடுத்து வைத்துவிடுவார். நாற்சந்தியைச் சீர்திருத்துகிறவர்களுக்கு மட்டும் இந்த ரகசியம் எட்டுவதில்லை! முதலில் சாலையை அடைப்பார்கள், தோண்டுவார்கள். அப்புறம்தான் கீழே குடிநீர்க் குழாய் போவது தெரியும். அதை மாற்ற இன்னொரு இலாகா வரவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் பள்ளிக் குழந்தைகளைக் கையைப் பிடித்துச் சேற்றைத் தாண்டவைத்தோம்.

வேகமாகச் செய்ய முடியாதா என்கிறீர்களா? சீனாவின் பெய்ஜிங் நகரில், மூன்றாம் வட்டச் சாலையும் விமான நிலையச் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஸான்யுவான் பாலம் இருக்கிறது. ஓயாத போக்குவரத்து. 2015 நவம்பரில் அதன் மேல்தளத்தையே மாற்றினார்கள். எத்தனை நாளில்? 43 மணி நேரத்தில்!

மந்திரம் ஒன்றுமில்லை. சுமார் 1,300 டன் எடையுள்ள புதுத் தளத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டார்கள். பிறகுதான் போக்குவரத்தை நிறுத்தி, பழையதை அகற்றி, புதியதை ராட்சத வண்டியில் சுமந்து வந்து பொருத்தினார்கள்.

கான்கிரீட் இறுக நாள் வேண்டும்தான். ஆனால் அது நடுத்தெருவில்தான் இறுகவேண்டும் என்று என்ன கட்டாயம்?

உங்கள் நாற்சந்தியில் பலகை நட வந்தால், "எப்போது முடிப்பீர்கள்?" என்பதற்கு முன்னால் வேறொன்று கேளுங்கள்: "குழாயெல்லாம் மாற்றியாகிவிட்டதா? தூணும் உத்தரமும் தயாரா?"

அந்தப் பதிலிலேயே முடிகிற நாள் தெரிந்துவிடும்!