அருவித் தண்ணியும் அப்பாவோட யூரியாவும்

ஒரு வாரம் ஆணி புடுங்குறதுக்கு லீவு விட்டுட்டு சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தருவியில ஆசை தீரக் குளியல், செங்கோட்டை பார்டர்ல பரோட்டா. மூணாம் நாள் காலையில அப்பா எழுப்பினார். "ஏல, வயலுக்கு வா. நடவு."

குற்றாலத்துல தண்ணி விழுந்தாத்தான் சிற்றாத்துல தண்ணி. சிற்றாத்துல வந்தாத்தான் எங்களுக்கு கார் சாகுபடி. நமக்கு சீசன்னா குளியல். அப்பாவுக்கு அது கடன் வாங்குற மாசம்.

வரப்புல பார்த்தா அப்பா ஒரு அன்னக்கூடையில யூரியாவையும் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தையும் சேர்த்துப் பிசைஞ்சுட்டு இருக்கார். ரசாயன உரத்தோட கலக்கக் கூடாதுன்னு பொட்டலத்துலயே போட்டிருக்கு.

"ஒரே கூலியில ரெண்டு வேலை முடிஞ்சிரும்லா?"

எனக்கு பக்குன்னு ஆச்சு. காரணம் பெங்களூர்ல என் ரூம்மேட். பயோகெமிஸ்ட்ரில ஆராய்ச்சி பண்றவன், ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவுல என்சைம் கதை சொல்லியே கொல்லுவான். அதுல ஒண்ணு இந்த அசோஸ்பைரில்லம் கதை.

இந்த பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனை அமோனியாவா மாத்தும். அதுக்கு நைட்ரஜனேஸ்னு ஒரு என்சைம். சரியான செலவாளி: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16 ஏடிபி காலி. அதனால வெளியில அமோனியம் ஓசியில கிடைச்சா, டிராட்-னு ஒரு புரதம் வந்து நைட்ரஜனேஸோட இரும்புப் புரதத்து மேல ஏடிபி-ரைபோஸ்னு ஒரு துண்டை ஒட்டிடும். வேலை ஸ்டாப். அமோனியம் தீர்ந்ததும் டிராஜி-னு இன்னொரு புரதம் அந்தத் துண்டை வெட்டி எடுத்துடும். வேலை திரும்ப ஸ்டார்ட்.

பொட்டி தட்டுற மக்களுக்குச் சொல்லணும்னா, கோடை டெலீட் பண்ணலை, கமெண்ட் போட்டு வச்சிருக்கு. டிராஜி வந்து அன்கமெண்ட் பண்ணுது. அமோனியம் இருக்குற வரைக்கும் அந்த டிராஜியையே செல்லோட சவ்வு ஓரமா பிடிச்சு உட்கார வச்சிடுமாம். என்னா டிசைன்! இப்படித் திரும்ப எழுப்பி விடுற ஒரு சமாச்சாரம் இருக்குன்னு 1976ல அமெரிக்காவுல லட்டனும் பர்ரிஸும் வேற ஒரு பாக்டீரியாவுலதான் முதல்ல கண்டாங்க. அப்புறம்தான் நம்மாளு அசோஸ்பைரில்லத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சுது.

யூரியா மண்ணுல அமோனியமாத்தான் மாறும். அதாவது அப்பா காசு குடுத்து ஒரு வேலையாளைக் கூட்டிட்டு வந்து, வாசல்லயே பிரியாணி போட்டுத் தூங்க வைக்கிறார். இதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஓசியில கிடைச்சா வேலை பார்க்காது, அப்படித்தான? ஒன்ன மாதிரின்னு சொல்லு."

தேவையா எனக்கு?

அடுத்த கேள்விதான் குத்துச்சு. "யூரியாவக் கொறச்சு, வெளச்சல் போச்சுன்னா? கடனுக்கு ஒன் என்சைமா வட்டி கட்டும்?"

பதில் இல்லை. இந்த பாக்டீரியா பயிருக்குச் செய்யுற நன்மையில ஒரு பங்கு நைட்ரஜனே கிடையாது, வேரை வளர்க்குற ஹார்மோன்னு ரூம்மேட் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. எதை நம்பி அவரோட ஒரு போகத்தை நான் பணயம் வைக்கிறது?

கடைசியில ஒரு ஒப்பந்தம். பெரிய வயல் அவர் இஷ்டம். கிணத்தோரம் இருக்குற சின்ன வயல் மட்டும் என் பொறுப்பு. நாத்து வேரை அசோஸ்பைரில்லம் கரைசல்ல அரை மணி நேரம் முக்கி நட்டோம். யூரியா கால் பங்கு குறைச்சு, பிறகு பிரிச்சுப் பிரிச்சுப் போடுறதுன்னு முடிவு.

போன வாரம் போன் பண்ணேன்.

"பச்சையாத்தான் இருக்கு. ஆனா பெரிய வயல் அளவுக்கு இல்ல."

வயித்துல புளி கரைச்சுது. "அப்ப யூரியா போட்ருவோமாப்பா?"

"பொறுல. ஒன் ஆளு இப்பத்தான் முழிச்சிருப்பான்."

அறுப்பு முடிஞ்சதும் எத்தனை மூட்டைன்னு இங்கயே எழுதுறேன். குறைஞ்சாலும் எழுதுறேன்.